அதிகாரிக்குப் பாதுகாப்பும் கடிவாளமும்

நம் சங்கத்தின் ஐம்பது ஆண்டு வரலாற்றை எழுத இந்த மலரில் பெரியவர்கள் இருக்கிறார்கள். எந்த ஆண்டு யார் தலைவர், எந்தக் காரியத்துக்கு யார் முன்னே நின்றார்கள் என்பதெல்லாம் அவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவன். வியாபாரிக்கு நன்றாகத் தெரிந்த இடம் ஒன்று உண்டு. அது அரசாங்க முகப்பிடம். அந்த முகப்பிடத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் குடும்பங்களில் அரசாங்கக் காகிதம் இல்லாத வீடு கிடையாது. மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவருக்கு மாநகராட்சி மன்றத்தின் லைசென்ஸ் வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் நாணய மாற்றுக் கடை நடத்துபவருக்கு பேங்க் நெகாராவின் அனுமதி வேண்டும். கிள்ளானில் உணவகம் வைத்திருப்பவர் மாநகராட்சி மன்றம், சுகாதார இலாகா, குடிநுழைவு இலாகா என்று மூன்று படிகளையாவது ஏறி இறங்க வேண்டும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு என்பதெல்லாம் வேறு கணக்கு. இத்தனை இடத்திலும் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். அவர் சரி என்றால் பிழைப்பு ஓடும். இல்லை என்றால் கடைக் கதவு மூடும்.

அந்த அதிகாரி யாருக்குக் கட்டுப்பட்டவர்? அமைச்சர் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டியவரா? அப்படியானால் அமைச்சரைத் தெரிந்தவனுக்கு ஒரு நியாயம், தெரியாதவனுக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும். யாருக்குமே கட்டுப்படாதவரா? அப்படியானால் அவரே ராஜா. இந்த இரண்டு ஆபத்துக்கும் நடுவில் ஒரு வழி போட வேண்டும் என்பது நம் நாடு பிறந்தபோதே பேசப்பட்ட விஷயம்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. மலாயா சிவில் சர்வீஸ் என்ற மேல்மட்டச் சேவை பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. மலாய்க்காரப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று 1910இல் தனியாக ஒரு நிர்வாகச் சேவை தொடங்கினார்கள். மலாய்க்காரர் அல்லாத ஆசியர்களுக்கு மேல்மட்டச் சேவையின் கதவு 1953இல்தான் திறந்தது. அதுவும் நான்கு மலாய்க்காரருக்கு ஒருவர் என்ற கணக்கில். கீழ்மட்ட வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர்களும் மலையாளிகளும் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். ரயில்வே குமாஸ்தா, ஸ்டேஷன் மாஸ்டர், மருத்துவமனை டிரஸ்ஸர் என்று பிரிக்பீல்ட்ஸ் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல. 'நூறு குவார்ட்டர்ஸ்' என்ற அந்த வரிசை வீடுகள் இடிக்கப்படும் வரை, ஒரு தலைமுறை அரசாங்க ஊழியர்களின் வாசனை அங்கே இருந்தது. அந்தக் குமாஸ்தாக்கள் கையெழுத்து அழகாக எழுதினார்கள், கணக்கை ஒழுங்காக வைத்தார்கள். ஆனால் முடிவு எடுத்தவன் மாவட்ட அதிகாரியான வெள்ளைக்காரன். அவன் பதில் சொல்ல வேண்டியது மேலதிகாரிக்கும் லண்டனுக்கும்தான். கிள்ளான் கடைக்காரர் அவனிடம் கணக்குக் கேட்க முடியாது.

சுதந்திரம் வரப்போகிறது என்றானதும் அரசியலமைப்பை எழுத ஒரு குழு அமைத்தார்கள். ரீட் பிரபு தலைமையில் ஐந்து பேர். இங்கிலாந்தின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் அலகாபாத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர் மற்ற நால்வர். 1956இல் வேலையைத் தொடங்கி 1957 பிப்ரவரியில் அறிக்கையைக் கொடுத்தார்கள். அந்த அறிக்கையைப் பற்றிப் பேசுபவர்கள் குடியுரிமையையும் மொழியையும் சமயத்தையும் பற்றித்தான் பேசுவார்கள். அரசாங்கச் சேவை பற்றிய பத்தாம் பகுதியை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதுதான் சுவாரஸ்யமான பகுதி.

அதில் இருக்கும் ஏற்பாடு இது. அரசாங்க ஊழியரை வேலைக்கு எடுப்பதும் நிரந்தரமாக்குவதும் பதவி உயர்வு கொடுப்பதும் ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதும் அமைச்சரின் வேலை அல்ல. அதற்கென்று பொதுச் சேவை ஆணையம் என்ற தனி அமைப்பு. 139ஆவது பிரிவு அதைப் பற்றிச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களை மாமன்னர் நியமிக்கிறார். பிரதமரின் ஆலோசனையைக் கவனத்தில் எடுத்துக்கொண்டு, ஆட்சியாளர்கள் மாநாட்டையும் கலந்து, தம் விருப்புரிமைப்படி நியமிக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ அந்த ஆணையத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தவரை நினைத்தபோது நீக்கவும் முடியாது. கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு என்ன நடைமுறையோ அதே நடைமுறைதான் அவருக்கும். போலீசுக்கு அதேபோல ஓர் ஆணையம், பிற்பாடு ஆசிரியர்களுக்கு ஓர் ஆணையம் என்று வந்தன.

ஓர் அமைச்சர் தன் இலாகா அதிகாரியைக் கூப்பிட்டு "அந்த லைசென்ஸை என் ஆளுக்குக் கொடு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரி "சட்டத்தில் இடமில்லை" என்று சொல்ல வேண்டுமானால், அடுத்த நாள் தன் வேலை போகாது என்ற தைரியம் அவருக்கு வேண்டும். அந்தத் தைரியத்தைச் சட்டம் கொடுக்கிறது. 135ஆவது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று, நியமித்த அதிகார அமைப்புக்குக் கீழே இருப்பவர் ஓர் ஊழியரை நீக்க முடியாது. இரண்டு, அவர் தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது.

எழுத்தில் இருந்த இந்தப் பிரிவுக்கு உயிர் இருக்கிறதா என்பதைச் சோதித்துப் பார்த்தவர் ஒரு சீக்கிய இன்ஸ்பெக்டர். பெயர் சுரிந்தர் சிங் கண்டா.

1953இல் அவர் போலீஸ் இன்ஸ்பெக்டராக நியமிக்கப்பட்டார். போலி லாட்டரிச் சீட்டு வழக்கு ஒன்றில் போலீசாரே சாட்சியங்களில் தில்லுமுல்லு செய்தார்கள் என்ற புகார் எழுந்தது. அதை ஆராய ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. கண்டாவைக் கடுமையாகக் குறை சொல்லி அது அறிக்கை எழுதியது. பிறகு கண்டா மீது ஒழுங்கு விசாரணை நடந்தது. அந்த விசாரணையை நடத்திய அதிகாரியின் கையில் அந்த அறிக்கை முன்கூட்டியே இருந்தது. கண்டாவுக்கு அது காட்டப்படவில்லை. விசாரணை முடிந்து 1958இல் போலீஸ் கமிஷனர் அவரை வேலையிலிருந்து நீக்கினார்.

கண்டா நீதிமன்றத்துக்குப் போனார். உயர் நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார். அந்தக் காலத்தில் கடைசிப் படி லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில். 1962இல் டென்னிங் பிரபு தீர்ப்பை எழுதினார். கண்டா வென்றார். சுதந்திர நாளுக்குப் பிறகு இன்ஸ்பெக்டரை நியமிக்கும் அதிகாரம் போலீஸ் சேவை ஆணையத்துக்குப் போய்விட்டது, கமிஷனர் அந்த ஆணையத்துக்குக் கீழே இருப்பவர், ஆகவே அவர் நீக்கியது செல்லாது என்பது முதல் காரணம். விசாரிப்பவரின் காதில் ஒரு தரப்பு மட்டும் தனியாகப் பேசியிருக்கிறது, மற்றத் தரப்புக்கு அது தெரியவில்லை என்பது இரண்டாவது. அந்த அறிக்கை உண்மையிலேயே அதிகாரியின் மனத்தை மாற்றியதா என்று நீதிமன்றம் தோண்டிப் பார்க்காது. மாற்றியிருக்கக்கூடும் என்பதே போதும் என்றார்கள்.

கண்டா நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் இன்ஸ்பெக்டர். அவருக்கு எதிரே நின்றது முழு அரசாங்கம். "எனக்குக் காட்டாத காகிதத்தை வைத்து என்னைத் தண்டிக்காதே" என்று அவர் கேட்டது சரி என்று தீர்ப்பானது. இயற்கை நீதி என்று வழக்கறிஞர்கள் சொல்லும் விஷயத்துக்கு இன்றைக்கும் மலேசியாவில் மட்டுமல்ல, இங்கிலாந்துச் சட்டப் புத்தகங்களிலும் கண்டா வழக்கைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னாளில் நாடாளுமன்றம் 135ஆவது பிரிவைத் திருத்தியது. ஆணையம் தன் அதிகாரத்தை வேறோர் அதிகாரிக்கு ஒப்படைத்திருந்தால், அந்த அதிகாரி நீக்குவதும் செல்லும் என்று எழுதினார்கள். அந்தத் திருத்தம் சுதந்திர நாளிலிருந்தே இருந்ததாகக் கருதப்படும் என்றும் சேர்த்தார்கள். நேற்றுக் கிழிந்த துணியை முந்தாநாளே தைத்ததாகக் கணக்கில் எழுதுவது போல. கண்டா வென்ற முதல் காரணம் இப்படி மெலிந்துபோனது. இரண்டாவது காரணம் இன்னும் நிற்கிறது.

இது அதிகாரியைக் காப்பாற்றும் பக்கம். அதிகாரியிடமிருந்து நம்மைக் காப்பாற்றும் பக்கத்துக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அது நம் ஊரிலேயே, கோலாலம்பூரில் நடந்தது. நிலமும் கடையும் வைத்திருக்கும் நம்மவர்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வழக்கு.

1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து கூட்டரசுப் பிரதேசமானது. நில விஷயங்கள் கூட்டரசு அரசாங்கத்தின் கைக்கு வந்தன. ஸ்ரீ லெம்பா எண்டர்பிரைஸ் என்ற கம்பெனிக்குக் கோலாலம்பூரில் நிரந்தர உரிமை நிலம் இருந்தது. நிரந்தர உரிமை என்றால் கால வரையறை இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நமக்கே சொந்தம் என்று பொருள். அதை மேம்படுத்த அனுமதி கேட்டார்கள். அதிகாரிகள் அனுமதி தர ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். நிரந்தர உரிமையை அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு, 99 ஆண்டுக் குத்தகையாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம்மில் பலர் இதைக் கேட்டால் என்ன செய்வோம்? "மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள், வேறு வழியில்லை" என்று கையெழுத்துப் போடுவோம். அந்தக் கம்பெனி போடவில்லை. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 1978இல் முடிந்தது. நிலச் சட்டம் நிபந்தனை போடும் அதிகாரத்தை அதிகாரிக்குக் கொடுத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த நிபந்தனை கேட்ட அனுமதியோடு நியாயமாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும், அனுமதி கேட்டவனிடம் சொத்தையே பிடுங்குவதாக இருக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பில் ராஜா அஸ்லான் ஷா எழுதிய பகுதிதான் இன்றைக்கும் பேசப்படுவது. எல்லையே இல்லாத விருப்புரிமை என்று சட்டத்தில் ஒன்று கிடையாது, சட்டம் கொடுக்கும் எந்த அதிகாரத்துக்கும் சட்டம் போட்ட வேலி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சர்வாதிகாரம் என்பது அவர் சொன்னதன் சாரம். அவர் பிறகு பேராக் சுல்தானாகவும், 1989 முதல் 1994 வரை நாட்டின் மாமன்னராகவும் இருந்தார். அரச குடும்பத்தில் பிறந்தவர் அதிகாரத்துக்கு வேலி வேண்டும் என்று எழுதியதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒரு செய்தியை இங்கே சேர்க்கிறேன். அரசாங்க அதிகாரியின் முடிவை நீதிமன்றத்தில் மறுஆய்வு செய்யக் கேட்பதற்குக் கால வரம்பு மூன்று மாதம். முடிவு நமக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கு. நம்மவர்கள் ஒரு கடிதம் வந்தால் முதலில் தெரிந்தவரைத் தேடுவார்கள், பிறகு அரசியல்வாதியைப் பார்ப்பார்கள், அவர் "பார்க்கலாம்" என்பார். அதற்குள் மூன்று மாதம் போய்விடும்.

நீதிமன்றம் என்பது பணமும் பொறுமையும் உள்ளவருக்குத்தான். சாதாரண மனிதர் அதிகாரியிடம் கணக்குக் கேட்க இன்னொரு வழி இருந்தது. அது வாக்குச் சீட்டு. நகர மன்றத்துக்கு ஒரு காலத்தில் நாமே ஆள் தேர்ந்தெடுத்தோம் என்பது இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது.

1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. பன்னிரண்டு இடங்கள். அம்னோவும் ம.சீ.ச.வும் முதன்முதலாகக் கைகோத்து நின்று ஒன்பது இடங்களை வென்றன. பிற்பாடு நாட்டையே ஆண்ட கூட்டணியின் விதை அங்கே, சாக்கடை, குப்பை, சந்தை பற்றி முடிவெடுக்கும் ஒரு நகர மன்றத்தில் விழுந்தது. ஆனால் கோலாலம்பூர்க்காரர்கள் அந்த உரிமையை முதலில் இழந்தார்கள். கூட்டரசுத் தலைநகரச் சட்டம் 1961இல் நடப்புக்கு வந்ததும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் போய், நியமிக்கப்பட்ட ஆணையர் வந்தார். இன்றைய டத்தோ பண்டார் பதவி அந்த வழியில் வந்ததுதான். மற்ற ஊர்களில் தேர்தல் 1965 வரை இருந்தது. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டு மார்ச்சில், தற்காலிகம் என்று சொல்லி நிறுத்தினார்கள்.

அதே ஆண்டு நகர மன்றங்களின் நிலையை ஆராய ஓர் அரச ஆணையத்தை அமைத்தார்கள். அதற்குத் தலைவர் ஒரு தமிழர். செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணி படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனின் கணவர். மூன்று ஆண்டுக்கு மேல் உழைத்து 1968 டிசம்பரில் அறிக்கையைக் கொடுத்தார்கள். சில மன்றங்களில் முறைகேடுகள் இருந்தன என்பதை அவர்கள் மறைக்கவில்லை. இருந்தும் தேர்தல் திரும்ப வர வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தார்கள். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976இல் உள்ளாட்சிச் சட்டம் வந்தது. மாநில அரசு நியமிக்கும் உறுப்பினர்களே மன்றத்தில் இருப்பார்கள், தேர்தல் கிடையாது என்று அது முடித்து வைத்தது. 1977 ஜனவரி 1இல் உருவான கிள்ளான் நகராண்மைக் கழகம் இந்தப் புதிய முறையில் பிறந்ததுதான். 2024இல் அது அரச மாநகராகத் தகுதி உயர்ந்தது. உறுப்பினர்கள் இன்னமும் நியமனம்தான்.

தேர்தல் வந்தால் பெருநகரங்களில் ஓர் இனத்தின் கை ஓங்கிவிடும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். நம் சமூகத்திலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள், தேர்தலில் நமக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காது, நியமனத்திலாவது ஒருவரைக் கேட்டு வாங்கலாம் என்பது அவர்களின் வாதம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டு வாங்கியவர் யாருக்கு நன்றியுள்ளவராக இருப்பார்? வாங்கிக் கொடுத்தவருக்குத்தான். நடைபாதைக் கடையைத் தூக்கும்போது அவர் எழுந்து நின்று ஏன் என்று கேட்பாரா? கேட்ட நல்லவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் பதவிக்காலம் நீட்டிக்கப்படுமா என்பது கேட்கப்பட்டவரின் கையில்தான் இருக்கிறது.

கணக்கு என்று வந்தால் வியாபாரிக்கு உடனே புரியும். அரசாங்கத்தின் கணக்கைப் பார்ப்பவர் தலைமைக் கணக்காய்வாளர். 105ஆவது பிரிவின் கீழ் வருபவர். அவரையும் நீதிபதியை நீக்கும் முறையில்தான் நீக்க முடியும். யாருடைய கல்லாவை எண்ணுகிறாரோ அவரே கணக்கரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பது இதன் தத்துவம்.

1980களில் அந்தப் பதவியில் இருந்தவர் அகமட் நூர்டின் சகாரியா. பேங்க் பூமிபுத்ராவின் ஹாங்காங் துணை நிறுவனமான பி.எம்.எஃப். கொடுத்த கடன்கள் மூழ்கிப் போயின. ஏறக்குறைய 250 கோடி ரிங்கிட். சரிபார்க்க அனுப்பப்பட்ட ஜலில் இப்ராகிம் 1983இல் ஹாங்காங்கில் கொலை செய்யப்பட்டார். 1984இல் விசாரணைக் குழு ஒன்று அமைந்தபோது அதற்கு அகமட் நூர்டின் தலைவரானார். அரச விசாரணை ஆணையத்துக்குரிய அதிகாரம் அந்தக் குழுவுக்கு இல்லை. சாட்சிகளைக் கட்டாயப்படுத்திக் கூப்பிட முடியாது. இருந்தும் ஆவணம் ஆவணமாகத் தேடி அறிக்கை எழுதினார்கள். அது பொதுமக்கள் கைக்கு வர வேண்டும் என்று அகமட் நூர்டின் பிடிவாதமாக நின்றார். 1986இல் வெளியானது.

அடுத்த சோதனை 30 ஆண்டு கழித்து வந்தது. 1எம்டிபி கணக்கை ஆய்வு செய்யச் சொல்லி 2015இல் கணக்காய்வு இலாகாவிடம் பொறுப்புக் கொடுக்கப்பட்டது. அறிக்கை தயாரானதும் 2016 பிப்ரவரி 24இல் அரசாங்கத் தலைமைச் செயலாளரின் தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. அதற்குப் பிறகு அறிக்கையில் சில பகுதிகள் எடுக்கப்பட்டன. 1எம்டிபி இயக்குநர் கூட்டமொன்றில் ஜோ லோ இருந்தார் என்ற விவரம் அவற்றில் ஒன்று. முதலில் அச்சிட்ட பிரதிகள் அழிக்கப்பட்டன. திருத்திய அறிக்கைக்கும் அரசாங்க ரகசியம் என்ற முத்திரை விழுந்தது.

கணக்காய்வு இலாகாவில் நோர் சல்வானி முகமட் என்ற பெண் அதிகாரி இருந்தார். அந்தக் கூட்ட அறையிலிருந்து வெளியேறச் சொன்னபோது, உள்ளே ஒரு பென்சில் பெட்டியில் ஒலிப்பதிவுக் கருவியை விட்டுவிட்டு வந்ததாக அவர் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். அழிக்கச் சொன்ன பிரதிகளில் ஒன்றை அழிக்காமல் பத்திரப்படுத்தியவரும் அவரே. 2018இல் ஆட்சி மாறிய பிறகு, அப்போதைய தலைமைக் கணக்காய்வாளர் மடினா முகமட் அறிக்கை திருத்தப்பட்டதை வெளியில் சொன்னார். முன்னாள் பிரதமர் மீதும் 1எம்டிபி-யின் முன்னாள் தலைமை நிர்வாகி மீதும் அறிக்கைத் திருத்தம் தொடர்பாக வழக்குத் தொடரப்பட்டது. 2023 மார்ச் 3இல் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பை நீதிமன்றத்துக்கே விட்டுவிடுகிறேன். நான் பார்ப்பது அந்தப் பென்சில் பெட்டியை. அரசியலமைப்பு பாதுகாப்புக் கொடுத்திருப்பது மேலே இருக்கும் தலைமைக் கணக்காய்வாளருக்கு. அந்த அறையில் தாள் அழிந்துவிடாமல் காப்பாற்றியவர் கீழே இருந்த ஓர் அதிகாரி. அவரைப் போன்றவர்களுக்கு என்ன பாதுகாப்பு? 2010இல் தகவல் கொடுப்பவரைக் காக்கும் சட்டம் ஒன்று வந்தது. ஆனால் வேறு சட்டம் தடுக்கும் தகவலைச் சொன்னால் அதன் பாதுகாப்புக் கிடைக்காது என்றுதான் அதை எழுதியிருந்தார்கள். ரகசிய முத்திரை விழுந்த தாளுக்கு அந்தச் சட்டம் எந்த அளவுக்கு உதவும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

பெரிய விஷயங்கள் போதும். நம் முகப்பிடத்துக்கு வருகிறேன். இன்று அரசாங்க ஊழியர் சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருப்பதை நாம் பெரிதாக நினைப்பதில்லை. 1981இல் டாக்டர் மகாதீர் பிரதமரானதும் வந்த வழக்கம் அது. அலுவலக நேரத்துக்கு அட்டை குத்தும் கடிகாரமும் அப்போதுதான் வந்தது. அதற்கு முன் "இன்றைக்கு என்னைத் திருப்பி அனுப்பியவர் யார்?" என்று கேட்டால் "அந்த மீசை வைத்தவர்" என்றுதான் சொல்ல முடியும். 1993இல் வாடிக்கையாளர் சாசனம் வந்தது. இந்த வேலை இத்தனை நாளில் முடியும் என்று இலாகாவே எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். புகார் சொல்ல 1971இலேயே பொதுமக்கள் புகார் பிரிவு தொடங்கப்பட்டுவிட்டது.

என் அத்தா காலத்தில் எங்கள் கடை லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. எந்த ஊர் அலுவலகம் என்பது வேண்டாம். கோப்பு காணவில்லை என்று நாலு மாதம் அலைய வைத்தார்கள். வெளியே நின்ற ஒரு தரகர், "பாய், காப்பிக் காசு கொடுத்தால் கோப்பு தானாக நடந்து வரும்" என்றார். அத்தா கொடுக்கவில்லை. பெயர்ப்பட்டையில் இருந்த பெயரையும், போன நாட்களையும், கொடுத்த ரசீது எண்ணையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்து மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதிப் புகார் பிரிவுக்கு அனுப்பினார். மூன்று வாரத்தில் கோப்பு கிடைத்துவிட்டது. எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. காப்பிக் காசு கொடுத்தவர்களுக்கு மூன்று நாளில் நடந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இந்தக் காப்பிக் காசு விஷயம் நமக்குப் புதியதல்ல. ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது" என்று பிரித்துச் சொன்ன செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபிகள் நாயகம் (ஸல்) கேட்டார்கள். உமர் (ரலி) காலத்தில் ஆளுநர்கள் பதவிக்குப் போகும் முன் அவர்களின் சொத்தைக் கணக்கெடுத்தார்கள் என்பதையும் நாம் மதரஸாவில் படித்திருக்கிறோம். பதவியோடு வரும் வரவைப் பதவியின் வரவாகவே பார்க்க வேண்டும் என்ற இந்தக் கணக்கு, இன்றைய ஊழல் தடுப்பு ஆணையத்தின் கணக்குக்கு ரொம்ப தூரமில்லை.

கடைசியாக, நம் சங்கத்தையே தொடும் ஓர் அலுவலகம் இருக்கிறது. சங்கப் பதிவிலாகா. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் நாமும் பதிவு பெற்றவர்கள். பதிவை ரத்துச் செய்யும் அதிகாரம் பதிவாளருக்கு உண்டு. ஆனால் முதலில் நோட்டீஸ் கொடுத்து, ஏன் ரத்துச் செய்யக் கூடாது என்று சங்கம் சொல்வதைக் கேட்க வேண்டும். இன்ஸ்பெக்டர் கண்டாவுக்குக் கிடைத்த அதே நியாயம்தான். பதிவாளரின் முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் உள்துறை அமைச்சரிடம் மேல்முறையீடு. அமைச்சரின் முடிவே இறுதி என்கிறது சட்டம். அதிகாரிக்குக் கடிவாளமாக அரசியல்வாதியையே வைத்திருப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் பலத்தை நாட்டின் மிகப் பெரிய கட்சியே பார்த்திருக்கிறது. 1988 பிப்ரவரி 4இல் நீதிபதி ஹருன் ஹாஷிம், பதிவு செய்யப்படாத 30 கிளைகள் இருந்த காரணத்தால் அம்னோவைச் சட்டவிரோதச் சங்கம் என்று தீர்ப்பளித்தார். ஆளும் கட்சி, பிரதமரின் கட்சி, அதன் கிளைகள் சரியாகப் பதிவாகவில்லை என்பதற்காக ஒரே நாளில் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதமானது. புதிய கட்சியாகத் திரும்பப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டு கழித்து, கட்சிகளின் உள்விவகாரங்களில் கட்சி எடுக்கும் முடிவை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தச் சலுகை அரசியல் கட்சிகளுக்கு மட்டும். நம்மைப் போன்ற சங்கங்களுக்கு இல்லை.

ஆகவே நம் செயலாளர் ஒவ்வோர் ஆண்டும் பொதுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டு அறிக்கையையும் கணக்கையும் பதிவிலாகாவுக்கு அனுப்பியாக வேண்டும். முன்பு தட்டச்சில் அடித்து நகல் எடுத்து, பஸ் ஏறிப் போய்க் கொடுத்து, முத்திரை குத்தி வாங்கி வந்தார்கள். இப்போது இரோசஸ் என்ற இணைய முறையில் ஏற்றுகிறார்கள். முத்திரை குத்திய அந்தப் பழைய நகல்கள் இன்னும் சங்க அலமாரியில் ஆண்டு வாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. விருப்பமுள்ள பிள்ளைகள் செயலாளரிடம் கேட்டு எடுத்துப் பார்க்கலாம்.